இறங்கி வந்த கோடுகள்

கொழுந்தனின் கை விஷயமாக ரேடியோ அண்ணி நான்கு வருடமாக மாடிப்படியிலும் மளிகைக்கடை வாசலிலும் சொல்லிவந்ததைத்தான், மெத்தப் படித்த மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு கடைசியில் பதினோரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தது. அந்தத் தபால் வந்த நாளில் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"நான் சொன்னா ரேடியோன்னு சிரிச்சீங்க. இப்ப டாக்டரே எழுதியிருக்காரு, பாருங்க" என்று மூன்று மாடிக்கும் ஒலிபரப்பினாள்.

ரேடியோ என்ற பெயரை யாரும் அவள் காதுபடச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் குடியிருப்பில் அவளுக்குத் தெரியாத விஷயம் எது உண்டு, இது மட்டும் தெரியாமலிருக்க? யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டு மருமகள் இரண்டு நாளாகப் பேசவில்லை என்பதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு எட்டும் முன்பே அவளுக்கு எட்டிவிடும். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே கை முடங்கிய ஒருவன் வந்து தங்கினால் கேட்க வேண்டுமா? வெறும் வாயை மெல்கிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான்.

கொழுந்தன் உட்கூரைக்குப் பூச்சு வேலை செய்கிறவன். சாரத்தின் மேல் நின்று, அண்ணாந்து, தலைக்கு மேலே கரணையைத் தேய்த்துத் தேய்த்தே பத்தொன்பது வருடம் பிழைத்தவன். ஒரு நாள் சாரத்தின் பலகை புரண்டது. விழாமல் இருக்க வலது கையால் குழாயைப் பிடித்துத் தொங்கினான். உயிர் தப்பியது, தோளுக்குள் இருந்த தசை கிழிந்தது. அதோடு தனி வீட்டைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். கல்யாணம் ஆகாதவன், சாதுவானவன், கேட்டால்தான் பேசுவான். அவன் பேசாத இடத்தையெல்லாம் அண்ணிதான் இட்டு நிரப்பினாள்.

அவள் வாதம் இதுதான்: "ரெண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பாருங்க. அந்தக் கையும் இந்தக் கையும் ஒரே உசரம்தான் போகுது. அடிபட்ட கையும் அடிபடாத கையும் ஒண்ணா இருந்தா, அப்ப எங்கே அடி?"

சட்டத்தில் பதினைந்து என்று ஒரு கோடு இருந்தது. உடம்பில் ஏற்பட்ட இழப்பு நூற்றுக்குப் பதினைந்தைத் தொட்டால், தோள் மூட்டையே மாற்றும் அறுவை சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும். தொடாவிட்டால், போய்வா என்று அர்த்தம். முதலில் அளந்த மருத்துவர் பதினாறு என்று எழுதினார். நிறுவனம் விடுமா? கோணத்தைத் தப்பாக அளந்துவிட்டார் என்று மேல்முறையீடு செய்தது. மூவர் குழு அவனைக் கூப்பிட்டு மறுபடி அளந்தது. வலது கைக்கு அதே பதினாறுதான் வந்தது. ஆனால் அதோடு நிற்காமல் இடது கையையும் அளந்து, தூக்கும் உயரம் இரண்டுக்கும் ஒன்று, திருப்புவதில்தான் வலது மோசம் என்று, அதற்கு ஏழு போட்டார்கள். 'அடிபடாத கையே இவ்வளவுதான் தூக்குகிறது என்றால், இவருடைய இயல்பே இதுதான்' என்று பதினாறிலிருந்து ஏழைக் கழித்தார்கள். மிச்சம் ஒன்பது. கதவு மூடிவிட்டது.

கொழுந்தன் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "விடுங்க அண்ணி" என்றான். அவனுடைய வக்கீல்தான் விடவில்லை. கண்ணாடி அடிக்கடி மூக்கில் வழுகும் இளவயது வக்கீல். நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார்; ஆனால் இதுதான் கடைசிப் படி, இங்கே தோற்றால் ஒன்பது ஒன்பதுதான், அதற்குப் பிறகு தட்ட வேறு கதவில்லை என்றும் சொன்னார்.

வழக்கு நாளன்று அண்ணனுக்கு வேலை. துணைக்கு அண்ணி கிளம்பினாள். துணைக்கு என்பது வெளியில் சொன்ன காரணம். தன் வாதம் நீதிமன்றத்தில் ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கொழுந்தன் பாவம் என்பதும் அவளுக்குத் தெரியும்தான். இரண்டும் ஒரே மனசுக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

வாசலில் சோதனைக் கருவி அவளைப் பார்த்து மூன்று முறை கத்தியது. சாவிக்கொத்து, பர்ஸ், ஊக்கு வரிசை என்று ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள்.

"இன்னும் ஏதாவது இருக்காம்மா?" என்றான் காவலாளி.

"வாய்தான் இருக்கு. அதையும் கழட்டி வைக்கணுமா?"

"உள்ளே போனா அது தன்னாலயே நின்னுடும்" என்றான் அவன், சிரிக்காமல்.

இரண்டாம் மாடி. நீளமான அறை, மரப் பலகை அடித்த சுவர், குளிர்சாதனத்தின் முனகல், மேஜைக்கு மேஜை தண்ணீர்க் குடுவை. வக்கீல்கள் வெளியூர்ப் பயணம் போகிறவர்கள் மாதிரி சக்கரப் பெட்டிகளில் கோப்புகளை இழுத்து வந்தார்கள். கொழுந்தன் பொத்தான் வைத்த தொளதொளப்பான சட்டை போட்டிருந்தான். நீதிபதி கையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் சட்டென்று கழற்ற வசதியாக இருக்குமாம். முதல் நாளே இரண்டு முறை கழற்றிப் பார்த்திருந்தான்.

நீதிபதி வந்தார். குள்ளமான அம்மாள், ஒல்லி, ஜலதோஷம். ஒரு கையில் வெந்நீர்க் குவளை, ஒரு கையில் பென்சில். இவரா என்று அண்ணிக்கு ஏமாற்றமாக இருந்தது. மேஜையைத் தட்டுவார், குரல் அதிரும் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தாள். அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாம்" என்றார், பால்காரரிடம் கணக்குக் கேட்கிற குரலில்.

ஆனால் அவர் முன்னால் இருந்த கோப்பை அண்ணி கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் தொழில். செங்கல் கனத்தில் இரண்டு கட்டு. அறுநூறு பக்கம் இருக்கும். அதன் ஓரமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அடுத்தவர் வீட்டு விஷயத்தை இவ்வளவு தூரம் தோண்டிப் படித்த ஒருத்தியை அவள் அதுவரை கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தாள். சட்டென்று ஒரு மரியாதை வந்தது.

"இடது கையைக் கழிக்கப்போறோம்னு குழு உங்க கட்சிக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லலை. உங்க குறை அதுதானே?" என்றார் நீதிபதி.

"ஆமாம்மா" என்று எழுந்தார் இளைய வக்கீல். "நிறுவனத்தோட மேல்முறையீட்டுல கோணத்தைப் பத்தித்தான் பேச்சு. கழிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. முடிவைப் பிரிச்சுப் பார்த்தப்பதான் எங்களுக்கே தெரியும்."

"சரி. சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"எதிர்த்திருப்போம்."

"எதிர்க்க யாராலயும் முடியும். எதை வச்சு எதிர்த்திருப்பீங்க?"

இளைய வக்கீலின் கண்ணாடி வழுகியது. பக்கங்களைப் புரட்டினார். அந்தச் சந்தில் நிறுவனத்து வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, நல்ல குரல், அவசரமில்லாத மனிதர்.

"அங்கேதான் இந்த வழக்கு முடியுதும்மா. சொல்லியிருந்தாலும் சொல்றதுக்கு ஒண்ணும் கிடையாது. ரெண்டு கையும் ஒரே உயரம் போகுது. அடிபடாத கைதான் ஒருத்தரோட இயல்புக்கு அளவுகோல். அடிபட்ட கையும் அடிபடாத கையும் ஒண்ணா இருந்தா, இழப்பு எங்கே?"

அண்ணிக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னுடைய வாக்கியம்! மாடிப்படியில் பிறந்து வளர்ந்த வாக்கியம், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு சபையில் நிற்கிறது. தலையை ஆட்டப் போனவள், பக்கத்தில் கொழுந்தன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கழுத்தைச் சொறிவது போலச் சமாளித்தாள்.

நீதிபதி ஒரு வாய் வெந்நீர் குடித்தார்.

"நூத்தி எண்பத்தேழாம் பக்கத்தை எடுங்க."

அறை முழுவதும் தாள் புரண்டது. வக்கீல் மேஜைமேல் இருந்த சிறிய திரையில் ஒரு படம் வந்தது. பின்வரிசையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள்.

அது அவள் வீட்டுச் சமையலறைச் சுவர்.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. விபத்துக்குப் பிறகு உடற்பயிற்சி சொல்லித்தந்தவர், சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே மேலே நடத்து, எட்டிய இடத்தில் குறி போடு என்று சொல்லியிருந்தார். முதலில் நல்ல கையால் ஒரு கோடு; அதுதான் எட்டவேண்டிய உயரம். அப்புறம் அடிபட்ட கையால் ஒரு வட்டம். மாதத்துக்கு ஒரு முறை இரண்டையும் புதிதாகப் போட வேண்டும், பக்கத்தில் தேதி. சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் மூன்று வருடம் அவன் விடாமல் குறி போட்டான். மூன்று வருடமும் அண்ணி விடாமல் திட்டினாள். கடைசியில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவள் வெள்ளை அடித்தாள். அடிக்கும் முன், 'என் சுவத்தை என்ன பண்ணி வச்சிருக்கான் பாருடி' என்று தங்கைக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தாள். பின்னால் வக்கீல் கேட்டபோது, "எதுக்கும் உதவாத படம், வச்சுக்கச் சொல்லு" என்று கொடுத்ததும் அவள்தான். பயிற்சியை ஒழுங்காகச் செய்தான் என்று காட்ட அவர் அதைக் கோப்பில் செருகியிருந்தார். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை.

படத்தின் மூலையில் அவளுடைய பழைய துடைப்பம் சாய்ந்து கிடந்தது. அடக் கடவுளே, நீதிபதி என் துடைப்பத்தைப் பார்த்துவிட்டாரே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"வட்டம் எந்தக் கை?" என்றார் நீதிபதி.

"வலது கைம்மா. அடிபட்டது."

"கோடு?"

"இடது கை."

"முதல் கோடு எங்கே இருக்கு?"

இளைய வக்கீல் திரைக்குக் கிட்டே குனிந்தார். "சுவிட்சுப் பலகைக்கு... ஒரு முழத்துக்கு மேல."

"கடைசிக் கோடு?"

இளைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். பின்வரிசையில் அண்ணியின் கண்கள் அந்தக் கோடுகளின் மேல் ஒவ்வொரு படியாக இறங்கின. முதல் வருடத்துக் கோடுகள் உச்சியில். அடுத்த வருடத்துக் கோடுகள் ஒரு சாண் கீழே. அதற்கடுத்தவை அதற்கும் கீழே. வட்டம் ஏறவே இல்லை. அது நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. கோடுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, கடைசியில் வட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

தினமும் அந்தச் சுவரைத் துணி போட்டுத் துடைத்தவள் அவள். குறிகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு எங்கெங்கே இருந்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும். இதை மட்டும் பார்க்கவில்லை. எங்கோ ஒரு மேஜையில், மூக்கைச் சிந்திக்கொண்டு, அறுநூறு பக்கத்தில் நூற்றெண்பத்தேழாவது பக்கத்தைப் புரட்டிய ஒரு அம்மாள், அவள் வீட்டுக்கு வராமல், அவள் கொழுந்தனின் முகத்தைப் பார்க்காமல், இதைப் பார்த்திருக்கிறார். அண்ணிக்குக் கை மயிர் எழுந்து நின்றது. கோயிலில்கூட அவளுக்கு அப்படி நின்றதில்லை. அங்கே யார் என்ன புடவை என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும்.

"சுவிட்சுப் பலகைக்குக் கீழேம்மா" என்றார் இளைய வக்கீல், ரொம்ப மெதுவாக.

நரைத்த வக்கீல் எழுந்தார். "வயசாக ஆக யாருக்கும் தோள் இறங்கும்மா. இதை வச்சு—"

"இருங்க" என்றார் நீதிபதி. பென்சிலைக் கீழே வைத்தார். "இந்தச் சுவரை நான் படிக்கப்போறதில்லை. இடது தோள் ஏன் இறங்கிச்சு, எல்லா வேலையையும் அதுவே செஞ்சதாலயா, வயசாலயா, இல்லை கோடு போட்டவர் குதிகாலைத் தூக்கினாரா, எனக்குத் தெரியாது. அது டாக்டருங்க வேலை. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. கழிக்கப்போறோம், நீ என்ன சொல்றேன்னு அவரைக் கேட்டிருந்தா, அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்துதா, இல்லையா?"

நரைத்த வக்கீல் திரையைப் பார்த்தார். "இருந்ததுன்னு... சொல்லலாம்."

"சொல்லலாமா, இருந்துதா?"

அவர் நேர்மையான மனிதர்தான் போலிருக்கிறது. "இருந்துதும்மா."

மத்தியானத்துக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பைப் படித்தார். இருபது நிமிடம். அதில் முக்கால்வாசி அண்ணிக்குத் தலைக்கு மேலே போயிற்று. ஆனால் ஒரு இடம் அப்படியே பதிந்தது.

"இவருடைய இழப்பு எத்தனை சதவீதம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒருவருடைய உடம்பிலிருந்து ஏழைக் கழிக்கும் முன், கழிக்கப்போகிறோம் என்று அவரிடம் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. குழுவின் முடிவு ரத்து செய்யப்படுகிறது. வேறு மூவர் மறுபடி கேட்டு முடிவு செய்யட்டும்."

எழுந்து, குவளையை எடுத்துக்கொண்டு, வந்த மாதிரியே போய்விட்டார். கொழுந்தனை ஒரு முறைகூடக் கை தூக்கச் சொல்லவில்லை. பொத்தான் சட்டை வீண்.

நடைக்கூடத்தில் அண்ணி வக்கீலை மடக்கினாள். "ஜெயிச்சோமா, தோத்தோமா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"ஒன்பது போயிடுச்சும்மா. பதினாறு இன்னும் வரலை. மறுபடி அளப்பாங்க. இந்த முறை சுவரோட போவோம்."

"எல்லாத்தையும் கண்டுபிடிச்ச அம்மா, ஒரு நம்பரையும் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவங்களுக்கு மனசுல ஒண்ணு தோணாமலா இருக்கும்?"

"தோணியிருக்கும். ஆனா கேட்க வேண்டியவங்க கேட்காம சொன்னதுதானே தப்புன்னு தீர்ப்பு? அவங்களே சொன்னா அதே தப்பை அவங்களும் பண்ணின மாதிரி ஆகிடும்."

அண்ணி வக்கீலை ஏற இறங்கப் பார்த்தாள். தோன்றியிருந்தும் சொல்லாமல் இருப்பது! மனசில் ஒன்று தோன்றிய பிறகு அது நாக்குக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்; அவளுக்கு நேரமே ஆகாது. அந்தக் குள்ள அம்மாள் அதை எங்கே வைத்துப் பூட்டியிருக்கிறார்? வெந்நீரோடு விழுங்கிவிடுவாரோ?

திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை. மேலே தொங்கிய பிடிகளில் ஊரே தொங்கியது. கொழுந்தன் மட்டும் இருக்கையின் முதுகை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடினான். நான்கு வருடமாக இவனோடு பேருந்தில் போகிறாள். மேலே பிடிக்க மாட்டேன் என்கிறானே, பயந்தாங்கொள்ளி என்று பக்கத்து வீட்டில் சொல்லியும் இருக்கிறாள். வலது கை எட்டாது, சரி. இடது கை?

"தம்பி" என்றாள். "இடது கை எப்ப இருந்து?"

"தெரியலை அண்ணி. எல்லாத்தையும் அதுலயே தூக்கறேனா, தூங்கறதும் அந்தப் பக்கமே. அதுவா இறங்கிட்டுது போல." ஜன்னல் பக்கம் திரும்பினான். "வட்டமும் கோடும் ஒண்ணா சேர்ந்த அன்னிக்கு எல்லாருக்கும் இனிப்பு வாங்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நல்ல கையை எட்டிப் பிடித்துவிட்டேன் என்று டப்பாவோடு வாசலில் வந்து நின்றான். அவளும் இரண்டு எடுத்துத் தின்றுவிட்டு, கை சரியாகிவிட்டதாம், இனி சாக்குச் சொல்ல முடியாது என்று மூன்று மாடிக்கும் செய்தி சொன்னாள். ஏறியதாக நினைத்து அவன் கொண்டாடியது, இறங்கியதை.

"எனக்கும் ஒறைக்கலைடா" என்றாள். 'டா' தானாக வந்தது. "மூணு டாக்டருக்கும் ஒறைக்கலை, எனக்கும் ஒறைக்கலை."

"நீங்க டாக்டர் இல்லையே அண்ணி."

"அப்படின்னு நாலு வருஷம் முன்னாடி நீ சொல்லியிருக்கணும்."

அவன் சிரித்தான். பேருந்து குலுங்கியது. அவன் சாய, அவள் தன் தோளை அணையாகக் கொடுத்தாள். பின்னே, பயந்தாங்கொள்ளி என்று சொன்னவள் அவள்தானே.

குடியிருப்பின் வாசலில் கீழ்வீட்டு அக்கா தயாராக நின்றிருந்தாள். ரேடியோவிடமே செய்தி கேட்க நிற்கிறவள் என்றால் அவள் ரகம் புரியும்.

"என்னாச்சு? கை நிஜமாவே போச்சா, இல்லை நீ சொன்ன மாதிரி நடிப்புதானா?"

அண்ணியின் நாக்கு நுனியில் சுவர், கோடு, வட்டம், வெந்நீர்க் குவளை, பதினாறு, எல்லாம் வரிசை கட்டி நின்றன. இரண்டு படி ஏறினாள். நின்றாள்.

"அதை அளக்க மூணு பேர் இருக்காங்கக்கா. அவங்க சொல்லட்டும்."

கீழ்வீட்டு அக்கா வாயைப் பிளந்தாள். பிறகு, "உடம்பு சரியில்லையா உனக்கு?" என்றாள். அன்று சாயங்காலமே, ரேடியோவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற செய்தி மூன்று மாடிக்கும் போயிருந்தது. யாரும் பெரிதாக நம்பவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அண்ணி சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள். அதற்குப் பின்னால் அவள் ஆசை ஆசையாக அடித்த வெள்ளை, ஒரு கறை இல்லாமல் பளபளத்தது. மளிகைக் குறிப்பு எழுதும் பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"போடு."

"சுவத்துலயா அண்ணி?"

"வேற எங்கே, என் முதுகுலயா? ரெண்டு கையும் போடு. அடுத்த முறை அவங்க கேக்கறப்ப இன்னிக்குத் தேதியும் இருக்கணும்."

அவன் சுவரைப் பார்த்து நின்றான். இடது கை விரல்கள் எறும்பு மாதிரி மெல்ல ஏறின. இந்த முறை அவள் அவன் கையைப் பார்க்கவில்லை. குனிந்து, அவனுடைய குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்த்தாள். படிந்திருந்தது.